தொண்ணூறு மணித்தியாலம் யாருடையது?

பாரிஸ் நகரின் அயலிலிருந்து புறப்பட்டு, பிரான்சின் மேற்குக் கோடியிலுள்ள பிரெஸ்ற் துறைமுகத்தைத் தொட்டு, மீண்டும் பாரிசுக்கே திரும்பும் துவிச்சக்கரவண்டிச் சவாரியொன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடைபெறுகின்றது. தூரம் ஏறத்தாழ 1200 கிலோமீட்டர். அதற்கு அளிக்கப்படும் ஆகக் கூடிய அவகாசம் 90 மணித்தியாலம். உண்பதும், உறங்குவதும், காற்றுப்போன ரியூப்பை ஒட்டுவதும் அந்தத் தொண்ணூறு மணித்தியாலத்துள்ளேயே அடங்கவேண்டும். பரிசுப் பணம் கிடையாது. முதலாமவர், இரண்டாமவர் என்ற வரிசையும் கிடையாது. 2019ஆம் ஆண்டிலும் 2023ஆம் ஆண்டிலும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இதிற் கலந்துகொண்டனர். அவர்களுள் நூற்றுக்கணக்கானோர் இந்தியர். நான்காண்டுக் கணக்கின்படி அடுத்த சவாரி 2027க்கு உரியது. உலகின் பல ஊர்களில் அதற்கென உடலையும் நாட்களையும் ஆயத்தஞ்செய்வோர் இருக்கின்றனர்.

இந்தச் சவாரிக்காரரைப் பற்றி இரண்டு கருத்துக்கள் வழங்குகின்றன. ஒன்று, நம் முற்போக்கு நண்பர்கள் சிலர் கூறுவது: “வயிறு நிறைந்தவர்களின் வீண் பொழுதுபோக்கு இது. உழைப்பவன் பிழைப்புக்காகச் சைக்கிள் மிதிக்கின்றான். இவர்களோ மிதிப்பதற்காகவே மிதிக்கின்றார்கள்.” மற்றையது, வண்டி விற்போரும் அவர்களது விளம்பரங்களும் கூறுவது: “மனவுறுதி ஒன்றிருந்தால் எவரும் எதையும் சாதிக்கலாம். இயலாதென்பவன் சோம்பேறி.” இவ்விரு கருத்துக்களும் ஒன்றுக்கொன்று பகையானவை போலத் தோன்றும். ஆனால், இரண்டும் ஒரே குருட்டுத்தன்மையிலிருந்து பிறந்தவை. இரண்டுமே மிதிக்கும் காலைப் பார்க்கின்றன. மிதிப்பதற்கு வேண்டிய நேரத்தைப் பார்ப்பதில்லை.

நேரத்தையே முதலிற் பார்ப்போம். இச்சவாரிக்கு விண்ணப்பிப்பவர் அதற்குரிய பருவத்தில் 200, 300, 400, 600 கிலோமீட்டர் என நான்கு தகுதிச் சவாரிகளை முடித்திருத்தல் வேண்டும். ‘பிரெவே’ என வழங்கும் இவற்றுக்கு முறையே பதின்மூன்றரை, இருபது, இருபத்தேழு, நாற்பது மணித்தியாலங்கள் எல்லையாக விதிக்கப்பட்டுள்ளன. கூட்டிப் பார்த்தால் 1500 கிலோமீட்டர்; ஆகக் கூடியது நூறரை மணித்தியாலம். இது தகுதி பெறுவதற்கு மாத்திரம். அந்தத் தகுதிக்கு உடலைப் பழக்க மாதக்கணக்கில் வாரந்தோறும் ஓடவேண்டும். இரவில் ஓடிப் பழகவேண்டும்; ஓடிக்கொண்டே உண்டு செரிக்கப் பழகவேண்டும்; சிறிது உறங்கி மீண்டும் எழப் பழகவேண்டும். ஓடிய பின்னர் இளைப்பாறவும் வேண்டும். இளைப்பாறாத உடல் வலுப்பெறாது, தேய்ந்தே போகும்.

வேகத்தைப் பற்றியோ அதிகம் அஞ்சவேண்டியதில்லை. 1200 கிலோமீட்டரைத் தொண்ணூறாற் பிரித்தால் மணிக்குப் பதின்மூன்று கிலோமீட்டர் சொச்சமே வரும். நமது கிராமத்துப் பாடசாலைப் பிள்ளைகள் காலை மணி அடிக்குமுன் இதைவிட விரைவாக மிதிக்கின்றார்கள். ஆகவே, அபூர்வமான உடல்வலு படைத்த சிலருக்கே உரிய செயலன்று இது. அபூர்வமாயிருப்பது, ஆண்டு முழுவதும் தன் வார இறுதிகளுக்குத் தானே சொந்தக்காரனாயிருக்கும் நிலைதான்.

மனவுறுதியைப் போதிப்போர் இங்கே பதில் கூறட்டும். பறித்த கொழுந்தின் நிறைக்கேற்ப நாட்சம்பளம் கணிக்கப்படும் மலையகப் பெண்ணிடம் மனவுறுதி இல்லையா? கொழும்பு வீதிகளில் உணவுப் பொதி காவித் திரியும் இளைஞனிடம் கால்வலு இல்லையா? இரவு முறைவேலை முடித்து வீடு வந்து, சமைத்து, பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டுக் கண்ணயரும் தாதியிடம் விழித்திருக்கும் பழக்கம் இல்லையா? எல்லாம் அவர்களிடம் உண்டு. இல்லாதது நேரம் ஒன்றே. அந்த நேரம் தானாகத் தொலைந்துபோன பொருளன்று. பிறர் கையிற் போய்ச் சேர்ந்த பொருள். பறிகொடுத்தவனைப் பார்த்துச் சோம்பேறி என்பது எவ்வகை நியாயம்?

பெண்களின் நிலை இதனை இன்னும் தெளிவாக்கும். 1891ஆம் ஆண்டு பியர் ஜிபார் என்ற பத்திரிகையாளர் ‘லெ பெத்தி ஜூர்னல்’ பத்திரிகையின் சார்பில் இப்போட்டியை முதன்முதலாக நடத்தியபோது, பிரெஞ்சு ஆண்களுக்கு மட்டுமே அதில் இடமளிக்கப்பட்டது. நாற்பது ஆண்டுகளின் பின், 1931இல், பெண்களும் இத்தூரத்தை ஓடி முடித்துக் காட்டினர். உடலால் இயலாது என்ற வாதம் அன்றே செத்தது. எனினும் இன்றும் பங்குபற்றுவோருட் பெண்கள் சிறுபான்மையினரே. விதிகள் இன்று அவர்களைத் தடுக்கவில்லை. வீடு தடுக்கின்றது, இருள் சூழ்ந்த வீதி தடுக்கின்றது. கணவன் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வண்டியோடு போய்விடலாம். அந்த ஞாயிற்றுக்கிழமையின் சமையலை யாரோ ஒருத்தி செய்தே ஆகவேண்டும். ஓர் ஆணின் ஓய்வு ஒரு பெண்ணின் உழைப்பின் மீது நிற்கும்போது அதற்கு மனவுறுதி என்று பெயரிடுவது மோசடியாகும்.

இனி நம் முற்போக்கு நண்பர்களிடம் வருவோம். இச்சவாரியின் பிறப்பைக் காட்டி அவர்கள் வாதிடலாம். அது உண்மையே, பத்திரிகை விற்பனைக்காகவே இப்போட்டி பிறந்தது. ஏறத்தாழ 71 மணித்தியாலங்களில் முதலாவதாக வந்த சார்ள்ஸ் தெரோனின் வெற்றி, அவர் பாவித்த ரயரைச் செய்த கம்பனியின் விளம்பரமாகவும் ஆயிற்று. 1903இல் ‘லோத்தோ’ பத்திரிகை தொடங்கிய பிரான்ஸ் சுற்றுப்போட்டியின் நோக்கமும் விற்பனைதான். அப்போட்டியில் 1924ஆம் ஆண்டு பெலிசியே சகோதரர் நடுவழியில் விலகி, தம்மை வதைக்கும் விதிகளைப் பற்றி அல்பேர் லோந்திர் என்ற பத்திரிகையாளரிடம் முறையிட்டனர். வீதியில் ஓடுபவனும் ஒரு கூலியுழைப்பாளியே என்பதை அச்சம்பவம் உலகுக்கு உணர்த்திற்று.

ஆனால், ஒரு நிறுவனத்தை யார் தொடங்கினார்கள் என்பதோடு வரலாறு முடிந்துவிடுவதில்லை. அதனைப் பின்னர் யார் கைப்பற்றினார்கள் என்பதும் வரலாறே. 1904இல் லோத்தோவின் ஆசிரியர் ஒன்றி டெகிராஞ், தலைவன் ஒருவனின் பின்னே எல்லோரும் ஒரே வேகத்திற் செல்லும் ‘ஓடாக்ஸ்’ சவாரிமுறையைப் பிரான்சிற் புகுத்தினார். 1921இல் அவருடன் பிணங்கிய ஓடாக்ஸ் கிளப் பாரிசியன், ஒவ்வொருவரும் தத்தம் வேகத்திற் செல்லும் சுதந்திரச் சவாரியை ஏற்படுத்தியது. 1931இல், தொழில்முறை ஓட்டக்காரர் போட்டியிட்ட அதே ஆண்டில், சாதாரண சவாரிக்காரருக்கும் பாரிஸ்–பிரெஸ்ற்–பாரிஸ் வழி திறந்தது. 1951க்குப் பின் தொழில்முறைப் போட்டி நின்றுபோயிற்று. பணத்துக்கு ஓடியவர்கள் போனார்கள். அன்புக்கு ஓடியவர்கள் நிலைத்தார்கள். விளம்பரமாகப் பிறந்த ஒன்று மக்களின் வழக்கமாக மாறியது. பிரித்தானிப் பிரதேசத்துக் கிராமத்தவர் நள்ளிரவிலும் வீதியோரம் நின்று, முன்பின் அறியாதவருக்குத் தண்ணீரும் கோப்பியும் கொடுக்கின்றனர். இது எந்தக் கம்பனியின் கணக்கிலும் சேராத செல்வம்.

‘அமெச்சூர்’ என்ற சொல்லின் கதையும் இத்தகையதே. அதன் வேர்ப்பொருள் ‘அன்பினாற் செய்பவன்’ என்பதாகும். ஆங்கிலேயக் கனவான்கள் அச்சொல்லைத் தமக்குரிய வேலியாக்கிக் கொண்டனர். படகோட்டத்துக்குப் பேர்போன ஹென்லியில் 1879இல் வகுக்கப்பட்ட விதி, கைவினைஞனும் கூலித் தொழிலாளியும் அமெச்சூர் ஆகார் என்றது. கையால் உழைப்பவனுக்கு விளையாட்டில் அன்பு இருக்கமுடியாது என்பதே அதன் உட்பொருள். நண்பர்களே, உழைப்பவனுக்குச் சைக்கிள் பிழைப்புக்கு மாத்திரம் என்று நீங்கள் கூறும்போது, உங்களையறியாமலே அந்தக் கனவான்களின் பக்கத்திலல்லவா போய் நிற்கின்றீர்கள்!

தொழிலாளர் இயக்கம் உங்களைப் போல் எண்ணவில்லை. 1894இல் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாமிற் பிறந்த ‘கிளாரியன்’ சைக்கிள் கழகத்தார், ஞாயிற்றுக்கிழமைகளில் நாட்டுப்புறங்களுக்கு ஓடிச் சென்று சோஷலிசப் பிரசுரங்களைப் பரப்பினர். வழியில் வயல்வெளியின் காற்றையும் அநுபவித்தனர். 1896இல் ஜெர்மனியிலே தொழிலாளர் ‘சொலிடரிற்றேற்’ என்ற சைக்கிள் சங்கத்தை அமைத்தனர். அச்சங்கம் தனக்கென ஒரு வண்டித் தொழிற்சாலையையே நடத்தியது. 1933இல் ஹிட்லரின் ஆட்சி அதனைத் தடைசெய்தது. வீண் பொழுதுபோக்காக இருந்திருந்தால் பாசிசம் அதற்கு அஞ்சியிருக்குமா?

இன்னொன்றையும் நினைவிற் கொள்ளவேண்டும். ஜிபாரின் போட்டிக்கு இரண்டாண்டு முன்னதாக, 1889இல், அதே பாரிசிற் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு எட்டுமணிநேர வேலைநாளுக்காக மே முதல் நாளில் உலகெங்கும் குரலெழுப்பத் தீர்மானித்தது. பிரான்சில் எட்டுமணிநேரச் சட்டம் வந்தது 1919இல். 1936 ஜூன் மாதத்திலே, மாபெரும் வேலைநிறுத்தங்களின் அழுத்தத்தில், மக்கள் முன்னணி அரசாங்கம் நாற்பது மணிநேர வாரத்தையும் சம்பளத்தோடு கூடிய இரு வார விடுமுறையையும் சட்டமாக்கியது. அந்தக் கோடையிலே தொழிலாளர் குடும்பங்கள் சைக்கிள்களிலும் இருவர் மிதிக்கும் வண்டிகளிலும் ஏறிக் கடலைக் காணப் புறப்பட்டன. அந்த விடுமுறை எவருடைய தனிப்பட்ட மனவுறுதியாலும் வரவில்லை. ஆலைகளுள் ஒன்றாக அமர்ந்தவர்களின் கூட்டுறுதியால் வந்தது. இன்று பிரான்சின் மேட்டுப்பாதையில் ஓடுபவர், அறிந்தோ அறியாமலோ, அன்று வென்றெடுத்த நேரத்தின் மீதே ஓடுகின்றார்.

சவாரியிற் குறையே இல்லை என்று நான் வாதிடவில்லை. இலட்சக்கணக்கான ரூபா விலைபெறும் வண்டிகள் அங்கே ஓடுகின்றன. ஆனால், விதிகள் அவற்றைக் கேட்கவில்லை. மனித வலுவால் ஓடும் வண்டி, இரவுக்கு விளக்கு, ஒளியைத் திருப்பும் மேலாடை ஆகியவற்றையே கேட்கின்றன. விலையுயர்ந்த வண்டியே வேண்டுமென்பது விற்பவன் எழுதிய விதி. நம்மைப் போன்ற நாட்டவருக்கு விமானச் சீட்டும் விசாவும், எந்த மேட்டைவிடவும் செங்குத்தான ஏற்றமாகும். இந்த வேலிகளைக் கண்டிப்போம். வேலியைக் கண்டிப்பதென்பது தோட்டத்தைப் பழிப்பதன்று.

நமது நாட்டிலே சைக்கிளை நாம் நிர்ப்பந்தமாகவே அறிந்திருக்கின்றோம். 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்தார் விறகையும், அரிசியையும், நோயாளியையும் அதிலேயே ஏற்றிச் சென்றனர். 2022இல் எரிபொருள் இல்லாதபோது நாடு முழுவதும் அதன் பக்கம் திரும்பியது. வண்டியின் விலையும் மளமளவென ஏறிற்று. இவ்வளவு சுமையை அதில் ஏற்றிய மக்களுக்கு, சுமையின்றி ஒருநாள் அதில் ஏறிச் செல்லும் உரிமை இல்லையா?

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் இது தொலைதூரக் கதையன்று. நம் பிள்ளைகள் பாடசாலையிலிருந்து தனியார் வகுப்புக்கும், அங்கிருந்து இன்னொரு வகுப்புக்கும் சைக்கிளில் ஓடுகின்றார்கள். சனியும் ஞாயிறும் அவர்களுக்கில்லை. நாளை தொழில் கேட்கப்போகும் பதினான்கு மணிநேர நாளுக்கு இன்றே அவர்களைப் பழக்குகின்றோம். ஆண்டுக்கொருமுறை விளையாட்டுப்போட்டி வைத்து, மூவருக்குக் கிண்ணம் கொடுத்து, முந்நூறு பேரைக் கைதட்ட வைக்கின்றோம். வரிசையில்லாத, முடித்தவர் யாவரும் சமமாக மதிக்கப்படும் ஒரு சவாரியை நம் பாடசாலைகள் நடத்தினால் என்ன? ஐம்பது கிலோமீட்டர் போதும். பழைய வண்டிகள் போதும். மாணவிகளும் வரவேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமையில் எந்தத் தனியார் வகுப்பும் நடைபெறாதிருக்க வேண்டும். இறுதி நிபந்தனையே கடினமானது என்பதை ஆசிரியர் யாவரும் அறிவர். போராட்டமும் அங்கிருந்துதான் தொடங்கவேண்டும்.

பயிற்சி முறைகளைக் கற்பிக்கும் நூல்கள் பல உண்டு. எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு நீர், எத்தனை மணிநேர உறக்கம் என்றெல்லாம் அவை கூறும். அந்த மணித்தியாலங்களை எங்கிருந்து பெறுவது என்பதை மட்டும் அவை கூறமாட்டா. அதனைச் சங்கங்கள்தாம் கூறமுடியும். உழைப்பவர் தம் நேரத்தை மீட்கும் நாளில், தொண்ணூறு மணித்தியாலம் ஓடுபவர் ஓடட்டும். ஓட விரும்பாதவர் வேம்பின் நிழலிற் படுத்துறங்கட்டும். எதைச் செய்வதென்று தீர்மானிப்பவர் அவராக இருக்கவேண்டும். நமது கோரிக்கை அதுவே.