டிரையல் பேலன்ஸ் டேலி ஆனா போதுமா? பழைய சர்வரை மாத்தறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

கடையிலோ கம்பெனியிலோ பில்லிங் சாஃப்ட்வேர் வெச்சிருக்கறவங்களுக்கான பதிவு இது. "சார், சர்வர் பழசாயிடுச்சு, புது வெர்ஷனுக்கு மாறணும்னு வெண்டார் சொல்றார். மாறலாமா?" என்று கிளையன்ட்ஸ் அடிக்கடி கேட்கிறார்கள்.

மாறத்தான் வேணும். பல பில்லிங் சாஃப்ட்வேர்கள் மைக்ரோசாஃப்ட் எஸ்கியூஎல் சர்வரில்தான் டேட்டாவை வைக்கின்றன. அதன் 2014 வெர்ஷனுக்கு 2024 ஜூலை 9-ஆம் தேதியோடு சப்போர்ட் முடிஞ்சுபோச்சு. ஓடும். ஆனா புதுசா ஒரு பாதுகாப்பு ஓட்டை தெரிய வந்தால், தனியாகப் பணம் கட்டாதவர்களுக்கு அதை அடைக்க அப்டேட் வராது. அந்த வெர்ஷனின் இலவச எக்ஸ்பிரஸ் எடிஷன் என்றால் இன்னொரு சிக்கல், டேட்டாபேஸ் 10 ஜிபிக்கு மேல் வளராது. தீபாவளி வாரத்துல அது நிரம்பினா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

என் வருத்தம் வேற. இதை கம்ப்யூட்டர்காரர் வேலைன்னு ஒதுங்கிடறோம். இது கணக்கு வேலைங்க.

நானே மாட்டியிருக்கேன். ஒரு ஹார்டுவேர் ஹோல்சேல் கடை. சனிக்கிழமை ராத்திரி டேட்டாவை மாத்தினாங்க. திங்கட்கிழமை வெண்டார், "எல்லாம் வந்துடுச்சு சார்" என்றார். நானும் புது சிஸ்டத்தில் டிரையல் பேலன்ஸைத் திறந்தேன், டேலி ஆச்சு, ஓகே சொல்லிட்டேன். ரெண்டு மாசம் கழிச்சு பாக்கி கேட்டு பார்ட்டிகளுக்கு ஸ்டேட்மென்ட் போச்சு. பன்னிரண்டு வருஷமா சரக்கு எடுக்கிற ஒருத்தர் போன் பண்ணி, "நான் திருப்பி அனுப்பின சரக்குக்கும் காசு கேட்கிறீங்களா?" என்று சத்தம் போட்டார். பார்த்தா, கிரெடிட் நோட்டுக்கு இருந்த தனி நம்பர் வரிசை மொத்தமும் வரவே இல்லை.

பழைய டேட்டாபேஸை பேக்கப் எடுத்து அப்படியே புது சர்வரில் ரீஸ்டோர் பண்ணினால் டேபிள்கள் முழுசா வரும். ஆனா சாஃப்ட்வேரின் புது வெர்ஷனில் டேபிள் அமைப்பே மாறியிருந்தால், வெண்டார் ஒரு கன்வர்ஷன் ஓட்டுவார். விட்டுப்போறது அங்கதான். ஒரு வவுச்சர் முழுசா விட்டுப்போனால் டெபிட்டிலும் கிரெடிட்டிலும் ஒரே தொகைதான் விட்டுப்போகும், டிரையல் பேலன்ஸ் சமத்தாக டேலி ஆகும். சிஏ முதல் பரீட்சைக்குப் படிச்ச விஷயம். அன்னிக்கு எனக்குத் தோணல.

அதனால, மாத்தறதுக்கு முன்னாடி பழைய சிஸ்டத்திலிருந்து லெட்ஜர் வாரியா பாக்கி, மாசவாரியா விற்பனையும் ஜிஎஸ்டியும், ஒவ்வொரு பில் வரிசையிலும் எத்தனை வவுச்சர், ஐட்டம் வாரியா ஸ்டாக் எல்லாம் பிடிஎஃப் எடுத்து வைங்க. மாத்தினதும் புதுசுல அதே ரிப்போர்ட்களை எடுத்து ஒப்பிடுங்க. வெண்டார் பில்லில் பாதியை இது முடியும்வரை நிறுத்தி வைக்கலாம், தப்பே இல்லை. அவசரமும் உண்டு. புது எஸ்கியூஎல் வெர்ஷனில் எடுத்த பேக்கப்பைப் பழைய வெர்ஷனில் ரீஸ்டோர் பண்ண முடியாது. ஒரு மாசம் பில் போட்டுட்டு பழையதுக்கே திரும்பணும்னா, அந்த மாசத்தை மறுபடி உட்கார்ந்து அடிக்கணும்.

"ஏப்ரல் 1-ல் ஓப்பனிங் பேலன்ஸ் மட்டும் போட்டு ஆரம்பிச்சுக்கலாம், பழசு எதுக்கு?" என்பவர்களும் உண்டு. ஆரம்பிக்கலாம். ஆனா பழசைத் தூக்கிப் போட முடியாது. ஜிஎஸ்டி சட்டப்படி, அந்த வருஷத்து ஆண்டு ரிட்டர்னின் கடைசித் தேதியிலிருந்து 72 மாசம் கணக்கு இருக்கணும். 2019-20-க்கு அந்தத் தேதி 2021 மார்ச் 31, அதாவது 2027 மார்ச் வரை. கம்பெனி என்றால் எட்டு வருஷம். அதோடு 2023 ஏப்ரல் 1 முதல் யார், எப்போ, எதைத் திருத்தினார் என்ற எடிட் லாகும் இருக்கணும். கன்வர்ஷனில் அதுவும் வருதான்னு வெண்டார்கிட்ட எழுத்துல கேட்டு வாங்குங்க.

அந்த ஹார்டுவேர் கடைக்கு அதிர்ஷ்டம். எக்ஸ்சேஞ்சுக்குப் போக இருந்த பழைய சர்வர் இன்னும் குடோனில்தான் கிடந்தது. கிரெடிட் நோட்டுகளை அதிலிருந்து எடுத்துப் போட்டோம், ஓனர் அந்த பார்ட்டியை நேரில் போய்ப் பார்த்துட்டு வந்தார். இப்போ அந்த மெஷின் நெட்வொர்க் கனெக்ஷன் இல்லாம மேஜைக்கு அடியில இருக்கு. மாசம் ஒரு தடவை ஆன் பண்ணி, ஏதாவது ஒரு பழைய பில்லைத் திறந்து பார்த்துட்டு மூடி வைக்கிறாங்க.