மலையில் மழை, அடிவாரத்தில் வெயில்

செட்டியார்பட்டித் தெருவில் நின்று மேற்கே நோக்கினால் மலைத்தொடர் நெடுஞ்சுவராகத் தோன்றும். கீழே வெயில் எரிக்கும் வேளையிலேயே அச்சுவரின் உச்சியில் மழை கொட்டுவதுண்டு. ஓடை பெருகி அடிவாரத்தை எட்டிய பின்புதான் அச்செய்தி கீழுள்ள ஜனங்களுக்குத் தெரிகிறது. 2015-ம் ஆண்டு மே மாத அமாவாசைக்காகச் சதுரகிரி சென்ற யாத்திரீகர்களுக்கு இக்கதியே நேர்ந்தது. காட்டாற்று வெள்ளம் பலரை வாரிக்கொண்டு போயிற்று. 2024 மே 17-ல் பழைய குற்றால அருவியில் 17 வயதுச் சிறுவன் ஒருவன் மாண்டதும் இவ்விதமான திடீர் வெள்ளத்தினால்தான்.

வானிலை இலாகா வாளாவிருக்கிறது என்று நாம் சொல்ல வரவில்லை. ராடார் காட்டும் மேகங்களின் போக்கைக் கணித்து, அடுத்த மூன்று மணி நேரத்துக்கு அது முன்னறிவிப்புச் செய்துவருகிறது. ஆனால் அந்த அறிவிப்பு, மாவட்டத்தின் பெயரைக் கூறி ‘ஓரிரு இடங்களில்’ மழை என்பதோடு நின்றுவிடுகிறது. சிவகாசிக் கடைவீதியில் இருப்பவருக்கும், மாங்கனி ஓடையில் முழங்கால் நீரில் நிற்பவருக்கும் ஒரே வாசகம்! இதனால் பின்னவருக்கு என்ன பிரயோஜனம்?

காலக் கணக்கையும் நேயர்கள் கவனிக்க வேண்டும். தாணிப்பாறையிலிருந்து கோயிலை அடையச் சாதாரண மனிதருக்கு நாலைந்து மணி நேரம் பிடிக்கிறது. காலையில் வானம் தெளிவாயிருப்பதைக் கண்டு ஏறுகிறவர், மேலே போய்ச் சேருமுன் அவர் நம்பிய அறிவிப்பின் ஆயுள் முடிந்துவிடுகிறது. கோடை இடிமழையோ பெரும்பாலும் பிற்பகலில் வருவது. ஆகவே அடிவாரத்தில் வாயிலை அடைப்பது மட்டும் போதாது. ஏற்கெனவே ஏறிவிட்டவருக்கும் சொல்ல வழி வேண்டும்.

ராடாருக்கும் இம்மலை ஒரு தடையே. கொச்சியிலும் திருவனந்தபுரத்திலும் உள்ள ராடார்களுக்கும் நமக்கும் நடுவே மலை நிற்கிறது. தாழச் செல்லும் கதிர்களை அது மறித்துவிடுகிறது. காரைக்கால் ராடாரோ ஏறக்குறைய 300 கிலோமீட்டர் தொலைவிலுள்ளது. பூமியின் வளைவினால் அதன் கதிர் இங்கு வருவதற்குள் மிக உயரே போய்விடும்.

இமயமலைக் கணவாய்களின் விஷயத்தில் இந்திய சர்க்கார் இதை உணர்ந்தே செயல்பட்டது. 2023 ஜனவரியில் ஹிமாசலத்தின் ஜோத், முராரி தேவி ஆகிய இடங்களிலும், காஷ்மீரத்தின் பானிஹால் சிகரத்திலும் சிறு ராடார்கள் இயங்கத் தொடங்கின. அதை நாம் குறை கூறோம். 2016 பிப்ரவரியில் சியாச்சினில் பனிச்சரிவுக்கு இரையான மதராஸ் ரெஜிமெண்ட் வீரர் பதின்மரில் மதுரை, தேனி ஜில்லாக்காரரும் இருந்தனர். பனிமலையின் ஆபத்து தமிழருக்கு அந்நியமன்று. ஆயினும் மேற்குத் தொடர்ச்சி மலையின் கீழ்ச்சரிவில் போகும் உயிரும் உயிர்தானே?

சிறு ராடார் ஒன்று இச்சரிவை நோக்கி அமைய வேண்டும். அதற்குப் பணமும் காலமும் தேவை என்பார்கள். ஒப்புக்கொள்வோம். ஆனால் மேல்மலையில் தானியங்கி மழைமானிகளை நாட்டி, அவை காட்டும் அளவை ஓடைத் துறைகளில் நிற்கும் வனக் காவலருக்கு உடனுக்குடன் ஒலிபரப்பிக் கருவி வழியே தெரிவிக்கவும், அவர் சங்கு ஊதி ஜனங்களை நிறுத்தவும் பெருந்தொகை வேண்டியதில்லை. வனம், வானிலை, அறநிலையம் ஆகிய மூன்று இலாகாக்களும் ஒரு நாள் கூடிப் பேசினால் ஏற்பாடு ஆகிவிடும். அடுத்த ஆடி அமாவாசைக்குள் இதையேனும் செய்ய என்ன தடை என்பதை அதிகாரிகள் பகிரங்கமாகச் சொல்லட்டும்.