பேனாவின் கதை தெரியும், தன் கதை தெரியாது

சென்ற மாதம் என் முன்னாள் மாணவர் ஒருவர் செராஸில் உள்ள என் வீட்டுக்கு வந்திருந்தார். பன்னிரண்டு ஆண்டுகளாக மென்பொருள் துறையில் இருப்பவர். மூத்த மென்பொருள் பொறியாளர் பதவிக்கான நேர்முகத் தேர்வுக்குச் சென்று, நிரல் எழுதும் சோதனையில் தேறி, அடுத்த சுற்றில் தோற்றுத் திரும்பியிருந்தார். அந்தச் சுற்றில் கேட்கப்பட்ட முதல் கேள்வி: மேலாளரோடு நீங்கள் கருத்து வேறுபட்ட ஒரு சந்தர்ப்பத்தைக் கூறுங்கள்.

"நீ என்னப்பா சொன்னாய்?" என்றேன்.

"கருத்து வேறுபாடு வந்தால் பொறுமையாகப் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்றேன், சார்."

அவர்கள் கேட்டது நடந்த கதையை. இவர் ஒப்புவித்ததோ நன்னெறிக் கல்விப் பாடத்தை!

இதைக் கேட்டவுடன் சில பெற்றோர், "தமிழ்ப்பள்ளியில் படித்ததால் ஆங்கிலம் வரவில்லை" என்பர். இல்லை ஐயா, அவருடைய ஆங்கிலத்தில் ஒரு குறையும் இல்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது. அதில் என் போன்ற ஆசிரியர்களுக்கும் பங்குண்டு.

அதே கேள்வியை நான் தமிழில் கேட்டேன். அரைமணி நேரம் துருவிய பிறகே விஷயம் வெளிவந்தது. ஒரு தீபாவளிக்கு முதல்நாள், பணம் செலுத்தும் செயலியின் புதிய பதிப்பை வெளியிடுமாறு மேலாளர் கூறியிருக்கிறார். இவர் சோதனை முடிவுகளைக் காட்டி மறுத்திருக்கிறார். மேலாளர் கேட்கவில்லை. முடிவான பின்னர் இவர் முணுமுணுக்காமல் வேலையைச் செய்ததோடு, பழைய பதிப்புக்குத் திரும்பும் வழியையும் எழுதி வைத்திருக்கிறார். இரவில் செயலி விழுந்தது. நாற்பது நிமிடங்களில் மீட்டார். விடுமுறைக்கு முதல்நாள் எதையும் வெளியிடுவதில்லை என்ற விதி அதன்பின் அந்தக் குழுவில் வந்தது.

அமேசான் நிறுவனம் தன் ஊழியர்களுக்கு வகுத்துள்ள 16 தலைமைத்துவக் கொள்கைகளில் ஒன்று, ஒப்பவில்லையென்றால் வெளிப்படையாகச் சொல், முடிவான பின் முழுமனத்தோடு செய் என்பது. என் மாணவர் செய்தது அச்சு அசலாக அதுவே.

"இதை ஏன் அங்கே சொல்லவில்லை?"

"பெருமை பேசுவதாகிவிடும், சார். மேலாளரைக் காட்டிக் கொடுப்பதாகவும் ஆகிவிடும்."

பணிவு நம் பண்பு என்று இதற்குச் சமாதானம் கூறுவோருக்கு என் கேள்வி: தான் செய்ததை உள்ளபடி கூறுவது எப்போது பெருமையடிப்பதாயிற்று? இத்தகைய தேர்வில் உங்கள் தோல்வியைச் சொல்லுங்கள் என்றும் கேட்கிறார்கள். அதற்கு வாய்திறக்கத்தான் உண்மையான பணிவு வேண்டும்.

இம்முறையின் வேர் பழையது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க விமானிகளை ஆராய்ந்த ஜான் ஃபிளானகன், பொதுக் கருத்துகளை விட்டுவிட்டு நடந்த சம்பவங்களைத் திரட்டும் முறையை 1954இல் விரித்தெழுதினார். ஒருவர் என்ன செய்வேன் என்கிறார் என்பதைவிட, என்ன செய்தார் என்பதே நம்பத்தக்கது. மூத்த பொறியாளரிடம் இது இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகிறது. இளையவருக்கு வழிகாட்டுதல், முழுத்தகவல் இல்லாமல் முடிவெடுத்தல், தவற்றை ஏற்றல் ஆகியவற்றை நிரல் சோதனையில் எப்படி அளப்பது?

சூழல், பணி, செயல், விளைவு என்ற நான்கு படிகளில் விடையைச் சொல்லப் பழக்குகிறார்கள். நல்ல ஒழுங்குதான். ஆனால் அந்தச் சட்டத்துக்குள் ஆயத்தக் கதைகளை அடைத்து மனனம் செய்யச் சொல்வது வீண்வேலை. "வேறு வழியை ஏன் விலக்கினீர்கள்?" என்ற இரண்டாம் கேள்வியிலேயே கதை கந்தலாகிவிடும். இன்னொன்று, நம்மவர் எதற்கும் "நாங்கள் செய்தோம்" என்பர். எதிரே இருப்பவருக்குத் தெரிய வேண்டியது, அந்த "நாங்கள்" என்பதில் நீங்கள் செய்தது எது என்பதே.

இந்த நோய் நம் வகுப்பறையில்தான் தொடங்குகிறது. "நான் ஒரு பேனா", "நான் ஒரு மிதிவண்டி" என்று தன்கதை எழுத வைக்கிறோம். பேனா பிறந்த தொழிற்சாலை முதல் குப்பைத்தொட்டி வரை பிள்ளை மனப்பாடமாக எழுதுகிறது. நீ நேற்று என்ன செய்தாய் என்றால் விழிக்கிறது. யு.பி.எஸ்.ஆர். மீது பழிபோட்டுக்கொண்டிருந்தோம். 2021இல் அதுவும் ஒழிந்தது. மாதிரிக் கட்டுரைகள் ஒழிந்தனவா?

இவ்வாரம் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு, "நான் செய்த ஒரு தவறும் அதை நான் சரிசெய்த விதமும்" என்ற தலைப்பைக் கொடுத்தேன். தம்பியின் மீன்தொட்டியை உடைத்த கதையை ஒரு மாணவி எழுதியிருந்தாள். எழுத்துப்பிழைகள் ஏராளம், ஆனால் ஒரு வரிகூட இரவல் இல்லை. மறுநாள் ஒரு தாயார் அழைத்தார். பிள்ளையின் தவற்றையெல்லாம் ஏன் எழுதச் சொல்கிறீர்கள், மாதிரிக் கட்டுரை ஒன்று கொடுத்துவிட்டால் மனனம் செய்துகொள்வாளே என்றார். கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.