வாசலைத் தாண்டியவர் எல்லாம் வீட்டுக்காரரா?

என் அக்காள் மகன் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் உத்தியோகம் பார்க்கிறான். சென்ற பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்தான். சாப்பிட்டுக்கொண்டே ஒரு சங்கதி சொன்னான்.

"மாமா! எங்கள் ஆபீசில் தகவல் களஞ்சியத்துக்கு இனி பாஸ்வேர்டு கிடையாது. எடுத்துவிட்டோம். தொல்லை விட்டது!"

எனக்குத் திக்கென்றது.

"அப்படியானால் யார் வேண்டுமானாலும் திறக்கலாமா?"

"அது எப்படி மாமா? களஞ்சியம் இருப்பது எங்கள் தனி வலைக்குள். வெளியாள் அங்கே வரவே முடியாதே!"

சொல்லிவிட்டு ரசத்தை ஊற்றிக்கொண்டான். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. அந்தக் களஞ்சியத்தில் இருப்பது அவனுடைய பணம் அல்ல. ஊரார் பெயர், ஊரார் விலாசம், ஊரார் கணக்கு!

தகவல் களஞ்சியம் என்றால் என்ன? நீங்கள் செல்போன் மூலம் ஒரு சேலை வாங்குகிறீர்கள். உங்கள் பெயர், வீட்டு விலாசம், போன் நம்பர், கொடுத்த பணம் எல்லாம் ஒரு பேரேட்டில் ஏறுகின்றன. அந்தப் பேரேடுதான் களஞ்சியம். டேட்டாபேஸ் என்பார்கள்.

முன்பு கம்பெனிகள் இதைத் தங்கள் சொந்த யந்திரத்தில் வைத்திருந்தன. இப்போது அமேசான், கூகுள், மைக்ரோசாப்ட் போன்றவர்களின் யந்திரக் கூடங்களில் வாடகைக்கு இடம் பிடிக்கிறார்கள். இதற்குத்தான் "கிளவுடு", அதாவது மேகம் என்று பெயர். பெயர்தான் மேகம். இருப்பது பூமியில், கான்கிரீட் கட்டடத்தில்! மும்பையிலும் ஐதராபாத்திலும் அமேசானுக்கு இத்தகைய கூடங்கள் இருக்கின்றன.

வாடகைக்கு இடம் பிடித்தவர் தன் யந்திரங்களைச் சுற்றி மதில் எழுப்பிக்கொள்ளலாம். அதுதான் தனி வலை. அமேசான் இந்த வசதியை 2009-ல் கொண்டு வந்தது. மதிலுக்குள் இருக்கும் யந்திரங்களுக்குப் பெரும்பாலும் 10 என்று தொடங்கும் எண்களைக் கொடுப்பார்கள். இன்டர்நெட்டில் அந்த எண்ணைத் தேடி யாரும் வர முடியாது. நல்ல ஏற்பாடுதான். குறை சொல்வதற்கில்லை.

பாஸ்வேர்டை ஏன் வெறுக்கிறார்கள்?

களஞ்சியத்தைத் திறப்பது மனிதன் அல்ல, இன்னொரு யந்திரம். மனிதன் பாஸ்வேர்டை மனத்தில் வைத்துக்கொள்வான். யந்திரத்துக்கு எங்கேயாவது எழுதி வைத்தாக வேண்டும். எழுதியதை ஒருவர் பிரதி எடுப்பார். பிரதியிலிருந்து இன்னொருவர் பிரதி எடுப்பார். பிறகு அதை மாற்றவே முடியாது. மாற்றினால் எந்த யந்திரம் நின்றுபோகும் என்று யாருக்கும் தெரியாது!

ஊபர் கம்பெனியில் 2016-ல் நடந்தது இந்த விபரீதம்தான். நிரல் எழுதுவோர் தங்கள் நிரலைப் பத்திரப்படுத்தும் இடத்தில், களஞ்சியத்தின் சாவியையும் சேர்த்து எழுதி வைத்திருந்தார்கள். திருடர்கள் அங்கே புகுந்தார்கள். சாவியை எடுத்தார்கள். 5 கோடியே 70 லட்சம் பேரின் விவரங்கள் போயின. கம்பெனி திருடர்களுக்கு 1 லட்சம் டாலர் கொடுத்து வாயை மூடப் பார்த்தது. ஓர் ஆண்டு கழித்து, 2017 நவம்பரில் குட்டு வெளிப்பட்டது.

ஆகையால் பாஸ்வேர்டை ஒழிக்க வேண்டும் என்கிற ஆசை தவறல்ல. எப்படி ஒழிக்கிறார்கள் என்பதில்தான் வம்பு இருக்கிறது.

நம்பிக்கை என்ற ஒரு சொல்

போஸ்ட்கிரெஸ் என்பது உலகெங்கும் புழங்கும் ஒரு களஞ்சியம். யாரை உள்ளே விடலாம், எப்படிச் சோதிக்கலாம் என்று அதற்கு ஒரு சிறு கோப்பில் எழுதி வைக்க வேண்டும். அந்தக் கோப்பில் "டிரஸ்ட்" என்று ஒரு சொல்லை எழுதலாம். நம்பிக்கை என்று பொருள். எழுதிவிட்டால் சோதனையே கிடையாது!

"நான்தான் கணக்குப் பிள்ளை" என்று வந்தாலும் கதவு திறக்கும். "நான்தான் எஜமான்" என்று வந்தாலும் திறக்கும். எஜமானின் பெயரும் ரகசியம் அல்ல. வேறு பெயர் வைக்காவிட்டால், பெரும்பாலும் "போஸ்ட்கிரெஸ்" என்பதே எஜமானின் பெயர். அவருக்கு எதையும் படிக்கலாம், எதையும் அழிக்கலாம்.

இன்னொரு கூத்தும் உண்டு. எந்த எண்ணுள்ள யந்திரத்தை நம்புவது என்றும் அங்கே எழுத வேண்டும். பொறுமை இல்லாதவர்கள், "10 என்று தொடங்கும் எதுவானாலும் சரி" என்று எழுதிவிடுகிறார்கள். அப்படித் தொடங்கும் எண்கள் எத்தனை தெரியுமா? 1 கோடியே 67 லட்சத்து 77 ஆயிரத்து 216! அத்தனை பேருக்கும் ஒரே வரியில் பீரோவைத் திறந்து வைத்தாகிவிட்டது.

"மதில் இருக்கிறதே!" என்பான் என் மருமகன்.

மதிலுக்குள் வருகிறவர் எல்லாம் நல்லவர்தானா? அமெரிக்காவில் டார்கெட் என்று ஒரு பெரிய கடைக் கம்பெனி. 2013-ல் அதன் வலைக்குள் திருடர்கள் புகுந்தார்கள். எப்படி? மதிலை உடைத்தா? இல்லை. கடைகளில் குளிர்சாதன வேலை பார்த்த ஒப்பந்தக்காரருக்கு, பில் அனுப்புவது போன்ற காரியங்களுக்காக உள்ளே வர அனுமதி கொடுத்திருந்தார்கள். அவருடைய பெயரையும் பாஸ்வேர்டையும் திருடிக்கொண்டு, அந்த வழியிலேயே நுழைந்தார்கள். உள்ளே ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போகத் தடை போதாது. கல்லா யந்திரங்கள் வரை போனார்கள். 4 கோடி வங்கி அட்டைகளின் விவரம் பறிபோனது. மறு ஆண்டு தலைமை அதிகாரி பதவி விலகினார்.

மதில் இருப்பதாக நினைத்து ஏமாந்தவர்களும் உண்டு. 2017 ஜனவரியில் மாங்கோ டிபி என்ற வேறொரு வகைக் களஞ்சியங்களை ஆயிரக்கணக்கில் துடைத்து எடுத்தார்கள். பாஸ்வேர்டு இல்லை, இன்டர்நெட்டுக்கும் திறந்து கிடந்தன. தகவலை அழித்துவிட்டு, "பணம் கொடு, திருப்பித் தருகிறோம்" என்று சீட்டு எழுதி வைத்துப் போனார்கள்.

பாஸ்வேர்டு இல்லாமலே சோதனை

பாஸ்வேர்டும் வேண்டாம், ஆள் தெரியாமல் விடவும் வேண்டாம். அதற்கு வழி இருக்கிறது. 2017-லிருந்து அமேசான் தன் களஞ்சியங்கள் சிலவற்றுக்கு அதைத் தருகிறது. கூகுளும் மைக்ரோசாப்டும் இதே போன்ற ஏற்பாட்டை வைத்திருக்கின்றன.

ஒவ்வொரு யந்திரத்துக்கும் மேகக் கம்பெனி ஓர் அடையாளம் கொடுக்கிறது. யந்திரம் களஞ்சியத்துக்குப் போகும்போது, அந்த அடையாளத்தைக் கொண்டு ஓர் அனுமதிச் சீட்டு தயாரித்துக் காட்டுகிறது. அமேசானில் அந்தச் சீட்டின் ஆயுள் 15 நிமிடம். அதற்குப் பிறகு அதைக் காட்டி உள்ளே நுழைய முடியாது. எங்கும் எழுதி வைக்க வேண்டியதில்லை. எந்த யந்திரத்துக்கு எந்த அறை என்று முன்கூட்டியே குறித்துவிடலாம்.

இதிலும் ஏமாறலாம். 2019-ல் கேபிடல் ஒன் என்ற அமெரிக்க வங்கியில், உள்ளிருந்த ஒரு யந்திரத்தை ஏமாற்றி அதன் தற்காலிகச் சாவியையே வாங்கிவிட்டார்கள். அந்த யந்திரத்துக்குத் தேவைக்கு மேல் அதிகாரம் கொடுத்திருந்தார்கள். சுமார் 10 கோடி அமெரிக்கர்களின் விவரம் போனது. வங்கிக்கு 8 கோடி டாலர் அபராதம். காவலாளியிடம் பீரோ சாவியையும் கொடுத்த கதை!

ஆனாலும் "யார் நீ?" என்று ஒரு வார்த்தை கேட்காமல் விடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நம் நாட்டில் 2023-ல் நிறைவேறிய தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், தக்க காவல் இல்லாமல் மக்கள் தகவலைப் பறிகொடுப்பவருக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் கொடுக்கிறது. அபராதம் அரசுக்குப் போகும். சேலை வாங்கிய அம்மாளின் போன் நம்பர் திரும்பி வருமா?

இவ்வளவையும் மருமகனிடம் சொன்னேன். "ஊருக்குப் போய்ப் பார்க்கிறேன் மாமா" என்று முணுமுணுத்தான். கோபம் என்றே நினைத்தேன்.

மூன்று வாரம் கழித்துப் போன் செய்தான். அந்த "டிரஸ்ட்" வரியை எடுத்துவிட்டார்களாம். எடுத்த அன்றே கதவு திறக்கவில்லை என்று 4 யந்திரங்கள் முறையிட்டனவாம். 3 யந்திரங்கள் அவர்களுக்குத் தெரிந்தவை. சீட்டு முறைக்கு மாற்றிவிட்டார்கள்.

நான்காவது யந்திரம் யாருடையது என்று ஆபீசில் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.