மன்றம் என்னும் சொல்

தைமாதத்தில் விழுப்புரம், திண்டிவனம் பேருந்து நிலையங்கள் செந்நிறம் கொள்வதை ஆண்டுதோறும் காண்கிறோம். மேல்மருவத்தூர் ஆதிபராசக்தி பீடத்திற்கு இருமுடி ஏந்திச் செல்லும் செவ்வாடைத் தொண்டர்கள் அவர்கள். அப்பெருங்கூட்டத்தைக் கண்டு வியக்கும் நாம், அது கையாளும் சொற்களைக் கருதிப் பார்த்ததில்லை.

ஊர்தோறும் அவர்கள் கூடுமிடத்தின் பெயர் வார வழிபாட்டு மன்றம். ஆடிப்பூரத்தன்று தலையில் சுமப்பது கஞ்சிக் கலயம். மன்றம், கஞ்சி, கலயம் ஆகியவை அகராதி புரட்டவேண்டாத சொற்கள். கும்பாபிஷேகம், பிரம்மோற்சவம் என்னும் சொற்களின்முன் ஒதுங்கி நின்ற கூலிப்பெண், கஞ்சியின்முன் ஒதுங்க வேண்டியதில்லை. பெண்கள் கருவறை புகுந்து பூசை செய்ய இடமளித்த பீடத்திற்கு இச்சொற்கள் பொருந்தியே வருகின்றன.

இவ்வழியில் முன்னோடி வள்ளலார். வடலூரும் இவ்விரு ஊர்களும் பழைய தென்னார்க்காடு மாவட்டத்தவையே. அவர் 1865இல் சங்கமும் 1867இல் தருமச்சாலையும் 1872இல் ஞானசபையும் நிறுவினார். மூன்றில் ஒன்றுக்கும் அவர் கோயில் எனப் பெயரிடவில்லை.

ஆயினும், சொல் எளிதானால் வாயிலும் திறந்துவிடுமா? மன்று என்பது ஊரார் கூடும் பொதுவிடம். பின்னர் அதுவே தில்லைக் கூத்தனின் சபைக்குப் பெயராயிற்று. பொது என்பதும் தில்லையையே குறித்தது. அந்தப் 'பொது'வின் எல்லையில்தான் திருநாளைப்போவார் உட்புக அஞ்சி நின்றார் என்கிறது பெரியபுராணம்.

பழங்கதை என்று இதனைத் தள்ளிவிட இயலாது. விழுப்புரத்தை அடுத்த மேல்பாதியில் தர்மராஜா திரௌபதி அம்மன் கோயில், பட்டியல் சாதியினரின் நுழைவு மறுக்கப்பட்டதால் எழுந்த பூசலில், 2023 ஜூனில் முத்திரையிடப்பட்டது. அவர்கள் உள்ளே சென்று வழிபட 2025 ஏப்ரல்வரை காத்திருக்க நேர்ந்தது. தர்மம் என்ற சொல் அக்கோயிலின் பெயரிலேயே இருந்தது.

எனவே மன்றம் என்று பெயர்ப்பலகை வைத்தவர்கள், அச்சொல்லிடம் கடன்பட்டவர்கள் என்போம். ஊர்த்தெருப் பெண்ணும் சேரிப் பெண்ணும் முன்பின் பாராமல் அங்கே கலயம் சுமக்க வேண்டும். ஒருத்தி வார்த்த கஞ்சியை மற்றவள் தயக்கமின்றிப் பருக வேண்டும். கூட்டம் கலைந்து தத்தம் தெருவுக்குத் திரும்பிய பின்னரும் அது தொடர வேண்டும். அவ்வாறு நிகழும் ஊரில் மன்றம் தன் பழம்பொருளை மீட்டுக்கொள்ளும். நிகழாத ஊரில், அச்சொல் பலகையில் எழுதிய வண்ணம் மட்டுமே.