நீர் குடிக்கும் பொடி

சுனாபட்டி என்பதற்குச் சுண்ணாம்புக் காளவாய் என்று பொருள். சுட்ட சுண்ணாம்புக் கல்லில் நீர் தெளித்தால் அது நீரைக் குடித்து, கொதித்து, மலர்ந்து மாவாகும். அதனினும் பெருந்தாகம் கொண்ட ஒரு பொடி இன்று நம் இல்லங்களுக்கு வந்துவிட்டது. மாதவிலக்கின்போது பெண்டிர் அணியும் நாப்கின்கள் பலவற்றிலும், குழந்தைகளின் டயப்பரிலும் அது உள்ளது. சங்கப் பத்திரிகையில் இவ்விஷயமா என்று முகம் சுளிக்கும் அன்பர்கள் சற்றே பொறுத்துப் படிக்க வேண்டுகிறோம்.

முகம் சுளிக்காத தமிழர் ஒருவரை நாடறியும். கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தம் 1998ஆம் ஆண்டில் தம் மனைவிக்காகப் பஞ்சினால் நாப்கின் செய்து பார்த்தார், அது பயன்படவில்லை. கடையில் விற்பதன் உள்ளே இருப்பது பைன் மரக்கூழின் நார் என்பதை அறிய அவருக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேலாயிற்று. பின்னர் மலிவான இயந்திரம் ஒன்றை அமைத்தார். 2016இல் பத்மஸ்ரீ விருது அவரை நாடி வந்தது.

மரக்கூழைப் பிழிந்தால் நீர் வெளிவரும். பிழிந்தாலும் விடாத பொருள் சோடியம் பாலிஅக்ரிலேட் என்னும் பொடி. 1978 முதல் ஜப்பானில் இது வணிக முறையில் தயாராயிற்று. இதன் மூலக்கூறுகள் சுருண்ட நூல்கள் போன்றவை. நீர் பட்டதும் அவற்றின் மின்னூட்டங்கள் ஒன்றையொன்று தள்ள, நூல்கள் விரிந்து நீரைச் சிறைப்பிடிக்கின்றன. ஆங்காங்கே முடிச்சுகள் இருப்பதால் பொடி கரையாமல் கூழாகிறது. தன் எடையைப் போல் சில நூறு மடங்கு தூய நீரையும், உப்புக் கலந்த நீராயின் சில பத்து மடங்கும் அது கொள்ளும். புதிய டயப்பர் ஒன்றைக் கிழித்து நீர் ஊற்றிப் பாருங்கள். உப்பைத் தூவினால் கூழ் நெகிழ்ந்து நீரை விடுவதையும் காணலாம்.

அணியும்போது நன்மையாக இருக்கும் இக்குணமே கழிப்பறையில் தீமையாகிறது. உள்ளே எறியப்பட்ட நாப்கின் நீரைக் குடித்துப் பருத்துக் குழாயை அடைக்கிறது. மழைக்காலத்தில் அதன் பலனைச் சால் முழுவதும் அனுபவிக்கும். கையால் மலம் அள்ளும் வேலையை 1993, 2013ஆம் ஆண்டுச் சட்டங்கள் தடுத்தன. ஆயினும் அடைப்பை எடுக்கக் கைவிடுபவர் ஒரு மனிதரே. அடுப்பில் எரித்தாலும் பிளாஸ்டிக் புகை நம் குழந்தைகளின் மூச்சில்தான் சேரும்.

2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகள், பயன்படுத்திய நாப்கினையும் டயப்பரையும் நன்றாகப் பொதிந்தே போட வேண்டும் என்று கூறின. பழைய செய்தித்தாளில் சுற்றிச் சிவப்புப் புள்ளி ஒன்று இட்டால், குப்பை பிரிப்பவர் அதைப் பிரிக்காமலே அறிந்துகொள்வார்.

பொதுக் கழிப்பறையில் போட இடமில்லை என்பதற்காகவே ஒரே நாப்கினை நாள் முழுதும் அணிந்திருக்கும் சிறுமியர் உண்டு. பொடி எவ்வளவு குடித்தாலும், நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றுவதே நலம். மகளிர் பக்கத்தில் மூடியுள்ள தொட்டி ஒன்று வைக்க எவ்வளவு செலவாகும்? உங்கள் சாலில் அது உண்டா என்று வீட்டுப் பெண்களைக் கேளுங்கள். இல்லையெனில், அடுத்த சால் கூட்டத்தில் ஆண்களே எழுந்து கேட்கட்டும்.