கல்லும் கடனும்

நம் மன்றத்தில் இவ்வாண்டு மூவருக்கு நிச்சயதார்த்தம். மூவரும் ஆராய்ச்சி மாணவர்கள். ஒருவர்பின் ஒருவராக என் அறைக்கு வந்து, "சூரத்துக்குப் போய் வந்தீராமே, வைர மோதிரம் எப்படி வாங்குவது?" என்று கேட்டுவிட்டார்கள். மூன்று முறை சொல்லி வாய் ஓய்ந்துவிட்டபடியால், ஆசிரியர் கட்டுரை கேட்டதும் எழுதவே உட்கார்ந்துவிட்டேன்.

மோதிரம் மாற்றுவது நம் பாட்டிமார் கண்ட வழக்கம் அன்று. அவர்கள் மாற்றியது தட்டு. வைரம் அவர்களுக்குத் தெரியாததும் அன்று. ஆனால் அது காதிலும் மூக்கிலும் இருந்தது. "புளூ ஜாகர் தோடு" என்று பாட்டி பெருமையடித்துக் கொள்வாளே, அது தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்பான்டீன் சுரங்கத்தின் பெயர் நம்மூர் நாவில் சுருங்கியது. விரலுக்கு வைரந்தான் என்னும் சட்டத்தை இயற்றியவர்கள் வேறு. டி பீர்ஸ் என்னும் வைரக் கம்பெனி 1938இல் அமெரிக்க விளம்பர நிறுவனம் ஒன்றை அமர்த்தியது. அங்கே பணிபுரிந்த பிரான்சஸ் கெரட்டி என்னும் பெண்மணி 1947இல், வைரம் என்றென்றும் நிலைப்பது என்னும் பொருளில் ஒரு வாசகம் எழுதினார். 1980களில் அதே கம்பெனியின் விளம்பரங்கள், மோதிரத்துக்கு இரண்டு மாதச் சம்பளம் செலவிடலாம் என்று மாப்பிள்ளைகளுக்குக் கணக்கும் போட்டுக் கொடுத்தன. விற்பவனே வாங்குபவனின் வரவு செலவைத் தயாரித்துத் தரும் விந்தை வேறெங்கும் உண்டோ?

நானும் அந்தக் கணக்கில் விழ இருந்தவன்தான். எனக்கு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். அது மாதந்தோறும் வருவதில்லை என்பதை நம்மில் அறியாதார் யார்? தவணையில் கடன் வாங்கி ஒரு காரட் கல் வாங்குவதென்று முடிவு செய்திருந்தேன். பெண் திருச்சியில் ஆசிரியை. தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னேன். "அந்தக் கடனை யார் கட்டப் போகிறார்கள்? கல்யாணத்துக்குப் பிறகு நாம் இருவருந்தானே? அப்படியானால் என் மோதிரத்துக்கு நானே பாதி விலை கொடுக்கிறேன் என்று சொல்லுங்கள்" என்றாள். பதில் சொல்ல வழியில்லை.

அப்போதுதான் என் அம்மாவின் தோடு நினைவுக்கு வந்தது. அக்காள் கல்லூரியில் சேர்ந்த ஆண்டு, அம்மா தன் வைரத் தோட்டை விற்கப் போனாள். வாங்கிய அதே கடைக்குத்தான். அவர்கள் பொன்னை நிறுத்து விலை சொன்னார்கள். கல்லைக் கழற்றிப் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, "அடிப்பக்கம் மாசு இருக்கிறதே அம்மா" என்றார்கள். மூடிக் கட்டிய கல். அடிப்பக்கத்தை நாங்கள் அதுவரை கண்டதில்லை. விற்றபோது அந்த மாசு அவர்கள் கண்ணில் படவில்லை போலும்! கொடுத்த விலையில் கால் பங்கும் தேறவில்லை. பொன்னைப் போல வைரத்துக்கு நாளிதழில் விலை போடுவதில்லை. அது சேமிப்பு என்று எவரேனும் உங்களிடம் சொன்னால், திரும்ப வாங்கும் விலையை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

நிற்க. சூரத்துக்கு வருவோம். நம் வடோதராவிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம். உலகில் பட்டை தீட்டப்படும் வைரங்களில் பெரும்பகுதி இந்த ஊர்க் கைகளில்தான் உருவாகிறது. மஹீதர்புராத் தெருவில் நின்று பாருங்கள்: ஸ்கூட்டரின் இருக்கையே மேசை; வெள்ளைக் காகித மடிப்பைப் பிரித்தால் உள்ளே இலட்சங்கள் மின்னும்; பேச்சுறுதியின்மேல் வியாபாரம் நடக்கும். பார்த்து வியப்பதற்கு அருமையான இடம். நீங்களும் நானும் வாங்குவதற்கு உரிய இடம் அன்று. அங்கே ஒருவரையொருவர் அறிந்தவர்களுக்கே அந்த நம்பிக்கை செல்லும்.

வைரம் தீட்டும் பட்டறையில் வேலை செய்யும் பெரியவர் ஒருவர், நண்பர் மூலம் அறிமுகமானவர், எனக்கு அரை நாள் பாடம் நடத்தினார். கண்ணுக்கு முதலில் தெரிவது பட்டையின் செம்மை; எடை அன்று. வட்டக் கல்லுக்கு 57 அல்லது 58 முகங்கள். அவற்றின் கோணம் சரியாக இருந்தால் உள்ளே புகுந்த ஒளி மேலேயே திரும்பி வரும். கோணம் பிசகினால் அடியிலும் பக்கத்திலும் ஒழுகிப்போகும். எடை குறையக்கூடாதென்று அடிப்பாகத்தைக் கனமாக விட்ட கற்களும் உண்டு. அவற்றில் நாம் பணம் கொடுப்பது ஒருவரும் காணாத வயிற்றுக்கு!

எடைக் கணக்கைக் கேளுங்கள். ஒரு காரட் என்பது 200 மில்லிகிராம். அதை நூறாகப் பிரித்தது ஒரு சென்ட். 50 சென்ட் வட்டக் கல்லின் குறுக்களவு ஏறத்தாழ 5 மில்லிமீட்டர். ஒரு காரட் கல்லுக்கு ஆறரை. எடை இரட்டித்தும் அகலம் ஒன்றரை மில்லிமீட்டர்கூட ஏறவில்லை. விலையோ இரு மடங்குக்கும் மேலே போய்விடும். ஒரு காரட் என்னும் வாசற்படியில் விலை குதிப்பதால், 90 சென்ட் கல் புத்திசாலியின் கல். "மொத்தம் 50 சென்ட்" என்று எழுதியிருந்தால் எத்தனை கற்கள் என்று கேளுங்கள். பத்துப் பொடிக் கற்களின் கூட்டு ஒரு 50 சென்ட் கல்லுக்கு ஈடாகாது. நிறத்தில் 'டி' முதல் தரம். மஞ்சள் பொன்னில் பதித்தால் 'எச்'சுக்கும் 'டி'க்கும் வேற்றுமை காண நம் கண்ணால் ஆகாது. மாசு விஷயத்திலும் பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடிக்கு மட்டும் தெரிவதற்காக அதிகப் பணம் கொடுப்பானேன்? சான்றிதழ் ஜி.ஐ.ஏ., ஐ.ஜி.ஐ. போன்ற ஆய்வகத்துடையதாக இருக்கட்டும். கடைக்காரர் தாமே அச்சிட்ட அட்டை வேண்டாம். கல்லின் இடுப்பில் பொறித்த எண்ணும் சான்றிதழ் எண்ணும் ஒன்றா என்று கண்ணாடி வைத்துப் பார்த்துவிடுங்கள். பொன்னுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் ஆறு எழுத்தெண் கொண்ட ஹால்மார்க் அடையாளம் கட்டாயம்.

நம்மவர் வைரத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து சில நாள் வைத்து ராசி பார்ப்பது உண்டல்லவா? நான் பகுத்தறிவுக்காரன், இருந்தாலும் இந்த வழக்கத்தை மட்டும் கைவிடாதீர்கள் என்பேன். அந்தச் சில நாளில் கல்லை வேறோர் ஆய்வகத்தில் காட்டிவிடலாம்.

இனி, பலரும் தயங்கிக் கேட்கும் கேள்வி: ஆலையில் விளைந்த வைரம் வாங்கலாமா? அதுவும் கரியின் படிகமே. பளபளப்பும் கடினமும் ஒன்றே. வெறுங்கண்ணால் பிரித்தறிய இயலாது, கருவி வேண்டும். 2023இல் மத்திய அரசு இந்த ஆராய்ச்சிக்கென்று நம் சென்னை ஐ.ஐ.டி.க்கு ஐந்தாண்டுக்கு 242 கோடி ரூபாய் ஒதுக்கியது. விலை சுரங்கக் கல்லைவிடப் பல மடங்கு குறைவு, குறைந்துகொண்டும் வந்திருக்கிறது. 2025இல் ஜி.ஐ.ஏ. இவற்றுக்கு நிறம், தூய்மை என்று தனித்தனியே தரம் போடுவதை நிறுத்தி, இரண்டே வகுப்பாகப் பிரிக்கத் தொடங்கியது. என் கருத்து இது: மாணவன் வாங்கலாம், வெட்கப்பட வேண்டியதில்லை. ஆனால் இரண்டு நிபந்தனை. திரும்ப விற்றால் ஏறக்குறைய ஒன்றும் வராது என்று தெரிந்தே வாங்க வேண்டும். அணியப் போகிறவளுக்கு அது ஆலைக் கல் என்று முன்னதாகச் சொல்ல வேண்டும். சுரங்கக் கல் என்று நினைக்கும்படி பேசாமல் இருந்துவிடுவதும் பொய்தான்.

நான் அப்படித்தான் வாங்கினேன். 50 சென்ட், கையிருப்புப் பணத்தில். திருச்சிக்குத் தெரியும். அம்மாவிடம் சொல்வதுதான் கடினமாக இருந்தது. மோதிரத்தை விளக்கடியில் நெடுநேரம் திருப்பிப் பார்த்தாள்.

"நிஜக் கல்லாடா?"

"ஆலையில விளைஞ்சதும்மா."

"விக்கப் போனா?"

"ஒண்ணும் வராது."

சற்று யோசித்தாள். "என் தோட்டுக்கு வந்த மாதிரின்னு சொல்லு" என்று கொடுத்துவிட்டாள்.

ஒரு பிழை மட்டும் செய்தேன். விரலளவை மார்கழிக் காலையில் நூல் வைத்து எடுத்தனுப்பச் சொல்லியிருந்தேன். குளிரில் விரல் சுருங்கும். மாலையில் எடுத்திருக்க வேண்டும். நிச்சயதார்த்தத்தன்று சபை நடுவே மோதிரம் இரண்டாம் கணுவில் நின்றுவிட்டது. இப்போது அளவு திருத்தக் கடையில் கிடக்கிறது. ரசீது என்னிடம் பத்திரமாக இருக்கிறது.